காதை நம்பியவள்

மே 5, திங்கள்

உரக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி. நான்கு மாதம் அரிசி டிரம்மின் மேல் சும்மா கிடந்தது. இன்று முதல் இதில் எழுதப் போகிறேன். எழுதாவிட்டால் யாரிடமாவது வாயைக் கொடுத்து வம்பை வாங்கிக்கொள்வேன். புது வேலையில் முதல் வாரமே அது வேண்டாம்.

வடவள்ளிக்கு வெளியே, மருதமலை தெரிகிற பக்கம், புதிதாகக் கட்டிய வீடு. பிரதீபாவுக்கு பேங்கில் வேலை. அவள் புருஷன் நந்தகுமாருக்கு பம்ப்செட் கம்பெனியில் பெரிய பொறுப்பு. ஒரே பெண் குழந்தை மகிழினி, மூன்று வயதாக இன்னும் இரண்டு மாதம். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை அவள் என் பொறுப்பு. என்ன சாப்பிட்டாள், எப்போது தூங்கினாள், எப்போது எழுந்தாள் எல்லாவற்றையும் மணி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்றாள் பிரதீபா. எழுதுவது எனக்குப் புதிதா என்ன. பத்தொன்பது வருடம் அங்கன்வாடி டீச்சராக இருந்தவள் நான். பிள்ளைகளைப் பார்த்த நேரத்தைவிடப் பதிவேடு எழுதிய நேரம்தான் அதிகம்.

"அங்கிருந்து ஏங்க்கா நின்னுட்டீங்க?" என்று கேட்டாள்.

"முழங்கால் வலி அம்மிணி. கீழ உக்காந்து எந்திரிக்க முடியறதில்ல."

முழங்கால் வலிப்பது உண்மைதான்.

பிறகு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். சமையலறைக் கதவைத் திறந்தால் பின்பக்கம் நீச்சல்குளம். நீல ஓடு பதித்தது. ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் ஐந்தடி. சுற்றிலும் கம்பி வேலி, அதில் ஒரு சின்னக் கதவு. அந்தக் கதவு பப்பரப்பா என்று திறந்து கிடந்தது. தண்ணீரில் இரண்டு மஞ்சள் பிளாஸ்டிக் வாத்துகள் மிதந்தன.

அப்போதே வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருப்பேன். அதற்குள் மகிழ் வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "இது என்ன பூ?" என்று சேலையிலிருந்த பூவைக் கேட்டாள். சாமந்தி என்றேன். பிறகு எங்கே போவது.

மே 6, செவ்வாய்

வந்ததும் சமையலறைக் கதவிலிருந்து தண்ணீர் வரை நடந்து பார்த்தேன். என் நடைக்குப் பதினெட்டு எட்டு. மகிழின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வேகத்துக்கு ஓடிப் பார்த்தேன். பத்து எண்ணுவதற்குள் கரைக்கு வந்துவிட்டோம். பத்து எண்ணும் நேரத்தில் ஒரு வெங்காயம்கூட உரிக்க முடியாது.

விளக்குமாற்றால் வாத்துகளை இழுத்து எடுத்துப் பரணில் போட்டேன். நந்தகுமார் பார்த்துவிட்டார்.

"அது என்னங்க்கா பண்ணுச்சு உங்கள?"

"பாப்பாவ வா வான்னு கூப்புடுதுங்க தம்பி. தொட்டியில பொம்ம கெடந்தா புள்ள எடுக்கத்தான் போகும்."

"தொட்டி இல்லீங்க்கா. நீச்சல்குளம்."

"தண்ணி நின்னா தொட்டிதானுங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. போகட்டும். இன்னொன்றும் சொன்னேன். வேலிக் கதவுக்கு ஸ்பிரிங் வைத்து, விட்டால் தானாகச் சாத்திக்கொள்கிற மாதிரி செய்ய வேண்டும். கொண்டி குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

"அதான் நீங்க கூடவே இருக்கீங்களே," என்றார்.

"நான் ஒருத்திதானுங்க. எனக்கும் கண்ணு ரெண்டுதான். தும்மறப்ப அதையும் மூடித்தான் ஆகணும்."

பிரதீபா உள்ளேயிருந்து சிரித்தாள். அடுத்த வாரம் ஆள் வந்து கொண்டி போடுவானாம்.

மே 9, வெள்ளி

குளத்தைச் சுத்தம் செய்ய வாரம் இரண்டு நாள் ஒரு தம்பி வருகிறான். இக்பால், உக்கடத்துக்காரன். ஹோட்டல் நீச்சல்குளத்தில் எட்டு வருடம் காவலுக்கு இருந்தவனாம். நீளக் கம்பில் வலை கட்டி இலை அள்ளிக்கொண்டே பேசுகிறான்.

"ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்கோங்க்கா. கொழந்த தண்ணியில மூழ்கறப்ப கத்தாது. கைய ஆட்டிக் கூப்புடாது. பக்கத்துல நின்னாலும் தெரியாது."

"தெரியும்," என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"தெரியும்னா தெரியும். வேலையப் பாருங்க தம்பி."

கொஞ்சம் கடுப்பாகத்தான் சொல்லிவிட்டேன். பாவம், நல்லதுக்குத்தான் சொன்னான். பிறகு டீ போட்டுக் கொடுத்தேன்.

மே 13, செவ்வாய்

கொண்டி வந்துவிட்டது. கதவைத் தள்ளிவிட்டால் தானாக வந்து 'டக்' என்று மாட்டிக்கொள்கிறது. அந்தச் சத்தம் என் காதுக்கு நாதஸ்வரம்.

இக்பால் ஒரு மிதவை வளையத்தில் கயிறு கட்டி வேலியில் மாட்டினான். பிறகு மகிழின் பெரிய பொம்மையைத் தரையில் கிடத்தி, மூச்சு நின்ற குழந்தைக்கு என்ன செய்வது என்று காட்டிக் கொடுத்தான். தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து ஊது. நெஞ்சு எழும்புகிறதா பார். பிறகு நெஞ்சின் நடுவில் ஒரு கையால் முப்பது அழுத்து. மறுபடி இரண்டு ஊது. மூச்சு வரும்வரை, இல்லை ஆம்புலன்ஸ் வரும்வரை, விடக்கூடாது.

"தலைகீழாத் தூக்கக் கூடாது. வயித்த அமுக்கக் கூடாது. நம்ம சனம் மொதல்ல அதத்தான் செய்யும். விட்றாதீங்க்கா."

பொம்மைக்கு ஊதி ஊதி எனக்குத் தலை சுற்றியது. மகிழ் கைதட்டினாள். இன்னொரு தடவை செய்யச் சொன்னாள். நான்கு தடவை செய்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இதை இரண்டு வருடத்துக்கு முன் யாராவது சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாதா.

மே 15, வியாழன்

கொண்டி இன்று பதினான்கு முறை 'டக்' என்றது. எண்ணினேன்.

மே 19, திங்கள்

முழங்கால் வீங்கிவிட்டது. இந்தப் பெண் ஒரு இடத்தில் நிற்பதில்லை. மாடிக்கு ஓடுகிறாள், கட்டிலுக்கு அடியில் போகிறாள், திரைக்குப் பின்னால் ஒளிகிறாள். நூறு எண்ணுவதற்குள் ஒரு முறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு நானே வைத்த சட்டம். அதற்கு என் கால் ஒத்துழைக்கவில்லை.

ஒரு யோசனை வந்தது. மகிழின் கொலுசில் நாலே நாலு முத்துதான் இருந்தது. பிரதீபாவிடம் சொல்லி, வெள்ளிக்கடையில் கொடுத்து, காலுக்கு இருபது முத்து வைத்துக்கொண்டு வந்தேன். இப்போது வீட்டில் எங்கே இருந்தாலும் சலங் சலங் என்று கேட்கிறது. சமையலறையில் நின்றே சொல்லிவிடுவேன், இப்போது சோபா, இப்போது படிக்கட்டு, இப்போது பூஜை அறை வாசல்.

கண் செய்கிற வேலையைக் காது செய்கிறது. முழங்காலுக்கு நிம்மதி.

மே 23, வெள்ளி

இக்பாலிடம் கொலுசைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். வலையைக் கீழே வைத்துவிட்டான்.

"காத நம்பாதீங்க்கா. தண்ணிக்குள்ள போயிட்டா கொலுசு சத்தம் போடாது."

"அதுக்குத்தான் கொண்டி இருக்குதே."

"கொண்டியையும் நம்பாதீங்க. கண்ண மட்டும் நம்புங்க."

"பத்தொம்பது வருசம் புள்ளைகளப் பாத்தவ நான். எனக்கே பாடமா?"

அவன் வலையை மறுபடி எடுத்துக்கொண்டான். டீயும் குடிக்காமல் போய்விட்டான். குடிக்காவிட்டால் போகட்டும்.

ஜூன் 1, ஞாயிறு

உழவர் சந்தையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து "டீச்சர்" என்று ஒரு குரல். என்னை டீச்சர் என்று யாரும் கூப்பிட்டு இரண்டு வருடம் ஆகிறது.

வசந்தாமணி. எங்கள் ஊர்க்காரி, மில் வேலைக்குப் போகிறவள். அவள் பையன் தர்ஷன் என் அங்கன்வாடியில் இருந்தான். மூன்று வயது. இரண்டு வருடத்துக்கு முன், அங்கன்வாடிக்குப் பின்னால் கட்டட வேலைக்காகத் தண்ணீர் பிடித்து வைத்திருந்த தொட்டியில் விழுந்து இறந்துபோனான். அன்று அவன் அங்கன்வாடிக்கு வரவில்லை என்று பதிவேட்டில் இருக்கிறது.

"கால் வலி பரவால்லீங்களா டீச்சர்?"

"பரவால்ல கண்ணு. நீ எப்படி இருக்கற?"

"இருக்கறனுங்க." ஒரு வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தாள். "அன்னிக்கு மில் பஸ்சு வந்துருச்சுங்க. உள்ள கொண்டாந்து விடாம கேட்டுலயே எறக்கி விட்டுட்டு ஓடிட்டேன். உள்ள போயிருவான்னு நெனச்சேன். அவன் உள்ளயே வரலைன்னு நீங்க சொன்னப்பத்தான் தெரிஞ்சுது. என்ற தப்புதானுங்க டீச்சர். அவங்கப்பா இன்னும் என்ற கையில தண்ணி வாங்கிக் குடிக்கறதில்ல."

"அப்படியெல்லாம் நெனைக்காத கண்ணு," என்றேன்.

போகும்போது என் பையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையைப் போட்டாள். முழங்காலுக்கு நல்லதாம். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அதை ஆய மனம் வரவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 2, திங்கள்

தூக்கமே இல்லை. மகிழ் இன்று இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

ஜூன் 6, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை மகிழுக்குக் காதுகுத்து. மொட்டையெல்லாம் போன வருடமே கோயிலில் முடிந்துவிட்டது. காதுகுத்து மட்டும் வீட்டில், அறுபது பேருக்குச் சாப்பாடு. நந்தகுமாரின் அக்கா சுகந்தி இன்றே ஈரோட்டிலிருந்து வந்து இறங்கிவிட்டாள். கூடவே அவள் மகள் ஓவியா, மகிழைவிட ஆறு மாதம் பெரியவள். சுகந்தி வந்ததிலிருந்து வீடே அவள் அதிகாரம். நான் எந்த டம்ளரில் தண்ணீர் குடிக்கிறேன் என்பதுவரை கண்.

பந்தல்காரர்கள் பின்பக்க வழியாகத்தான் நாற்காலி எல்லாம் கொண்டு வருவார்களாம். பிரதீபாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அம்மிணி, அன்னிக்கு வேலிக் கதவுல பூட்டுப் போட்டுருங்க. அறுபது பேர் இருந்தா ஆளாளுக்கு அடுத்தவங்க பாக்கறாங்கன்னு நெனச்சுக்குவாங்க. யாரும் பாக்க மாட்டாங்க."

"சரிங்க்கா, அவர்கிட்டச் சொல்லிடறேன். எப்படியும் நீங்க பாத்துக்குவீங்கல்ல?"

"பாத்துக்கறேன்," என்றேன். அந்த வார்த்தையை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு. மாலை. ஆஸ்பத்திரி

மகிழ் மூச்சு விடுகிறாள்.

ஜூன் 9, திங்கள். காலை

நேற்று எழுத முடியவில்லை. இப்போது ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்றுக் காலை ஏழு மணிக்கு நான் போனபோதே வேலிக் கதவில் பூட்டு இல்லை. பந்தல்காரர்கள் அதைப் பிளாஸ்டிக் கயிற்றால் கம்பத்தோடு சேர்த்து அகலத் திறந்து கட்டியிருந்தார்கள். அரிவாள்மனையில் கயிற்றை அறுத்துவிட்டு அவர்களை நாலு வார்த்தை கேட்டேன். பத்து மணிக்குப் போய்ப் பார்த்தேன். சாத்தித்தான் இருந்தது.

பத்தரைக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் கிருபாகரன் மடியில் உட்கார வைத்து ஆசாரி குத்தினார். மகிழ் வீல் என்று கத்தினாள். நான் பால் ஆற்றி எடுத்து வரப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் மாமன் தோளில் இருந்தாள். அதற்குப் பிறகு ஆளுக்கு ஆள் வாங்கிக் கொஞ்சினார்கள்.

பதினொன்றரைக்கு மேல் பந்தி நடந்துகொண்டிருந்தது. பின்பக்கம் பார்த்தபோது மகிழ் தண்ணீரில் விழுவதைக் கண்டேன். ஓடினேன். கதவு மறுபடியும் திறந்து கட்டியிருந்தது. மூன்றடிப் பக்கம்தான். குதித்துத் தூக்கினேன். முகம் நீலமாக இருந்தது, மூச்சு இல்லை. கரையில் கிடத்தினேன். நந்தகுமாரின் பெரியப்பா வந்து, "தலகீழாப் புடிங்க, தண்ணி எறங்கட்டும்," என்று குழந்தையின் காலைப் பிடித்து இழுத்தார். அவரை நெட்டித் தள்ளினேன். பெரிய மனிதர், வேட்டியோடு உட்கார்ந்துவிட்டார். ஐந்து ஊதினேன். நெஞ்சு எழும்பியது. முப்பது அழுத்தினேன், இரண்டு ஊதினேன். இரண்டாம் சுற்றில் இருமினாள். வாந்தி எடுத்தாள். பிறகு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, எவ்வளவு நேரம் தண்ணீருக்குள் இருந்தாள் என்று கேட்டார்.

"அர நிமிசங்கூட இருக்காதுங்க. விழறப்பவே பாத்துட்டேன்."

"நல்லவேளை," என்று எழுதிக்கொண்டார்.

கிருபாகரன் என் காலைத் தொடப் போனார். சுகந்திகூடக் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க தெய்வங்க," என்றாள். பிரதீபா என் மடியில் தலைவைத்து அழுதாள்.

பிரதீபாவின் நோட்டில் எட்டாம் தேதிப் பக்கம் காலியாக இருக்கிறது. எழுத நேரமில்லை.

ஜூன் 9, திங்கள். மாலை

நாளைக் காலை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மகிழ் படுக்கையில் உட்கார்ந்து ஜெல்லி சாப்பிடுகிறாள். இருமுகிறாள். கொஞ்சம் வேகமாக மூச்சு வாங்குகிற மாதிரி எனக்குத் தெரிகிறது. பிரதீபாவுக்குத் தெரியவில்லை.

"அக்கா, அந்த நோட்டுல எட்டாந்தேதி எழுதிடுங்க. நாளைக்கு டிஸ்சார்ஜுக்கு முன்னாடி எத்தன மணிக்கு என்ன நடந்துச்சுன்னு ஒரு தடவ டாக்டர்கிட்டக் காட்டணும்."

"எழுதறேன் அம்மிணி."

ஜூன் 10, செவ்வாய். காலை ஆறு மணி

நேற்றுக் காலை இதில் எழுதியது பொய். என் சொந்த டைரியிலேயே பொய் எழுதியிருக்கிறேன். எவ்வளவு கேடுகெட்ட பழக்கம் இது.

நான் மகிழ் விழுவதைப் பார்க்கவில்லை.

பதினொன்று நாற்பதுக்குச் சுகந்தி என்னைக் கூப்பிட்டு, "தாம்பூலப் பை பத்தலீங்க, அஞ்சே நிமிசம் தேங்காயும் வெத்தலையும் போட்டுக் குடுங்க," என்றாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். மகிழ் அப்போது ஹாலில் யாரோ ஒரு அம்மாவின் மடியில் இருந்தாள். கொலுசுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஹாலிலிருந்து படிக்கட்டுக்கு, படிக்கட்டிலிருந்து சாப்பாட்டு அறைக்கு. சலங் சலங். சரி, ஓடி விளையாடுகிறாள் என்று தேங்காயைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். நிம்மதியாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சத்தம் நான் இருந்த அறைக்குள்ளேயே வந்தது. "என்ன கண்ணு, பசிக்குதா?" என்று கேட்டபடி நிமிர்ந்தேன்.

ஓவியா நின்றுகொண்டிருந்தாள். அவள் காலில் மகிழின் கொலுசு.

"இது ஆருது சாமி?"

"அம்மா போட்டு உட்டாங்க. மகிழுக்குப் புதுசு."

காது குத்தியதும் தாய்மாமன் சீராகக் கொண்டுவந்த கெட்டிக் கொலுசை மகிழுக்குப் போட்டிருக்கிறார்கள். நான் பால் ஆற்றிக்கொண்டிருந்த நேரம். புதுக் கொலுசில் ஒரு முத்துகூடக் கிடையாது. கழற்றிய பழையதை வீணாக்குவானேன் என்று சுகந்தி தன் மகள் காலில் மாட்டிவிட்டிருக்கிறாள். இதில் தப்பு என்ன இருக்கிறது. எந்த வீட்டிலும் செய்வதுதான். நானே செய்திருப்பேன்.

அப்போது மணி பதினொன்று நாற்பத்தாறு.

நான் எழுந்து நேராகப் பின்பக்கம்தான் ஓடினேன். வேறு எங்கேயும் தேடவில்லை. என் காலுக்கு அது தெரிந்திருந்தது. பட்டுப்பாவாடை தண்ணீரில் விரிந்து கிடந்தது. முகம் கீழே இருந்தது. எப்போது விழுந்தாள் என்று எனக்குத் தெரியாது. நான்கைந்து பேர் இருபதடி தூரத்தில், வேலிக்குள்ளேயே இருக்கும் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு முன்னும் ஒரு முறை இப்படித்தான். அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எப்போதும் எழுத மாட்டேன்.

தர்ஷன் அன்று அங்கன்வாடிக்கு வந்தான். உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "வணக்கம் டீச்சர்" என்றான். அவன் பெயருக்கு நேரே வந்தான் என்று பென்சிலால் கோடு போட்டேன். ஆயா அன்று லீவு. பிள்ளைகளின் எடையும் படமும் போனில் ஏற்றச் சொல்லி மேலிருந்து நெருக்கிக்கொண்டிருந்தார்கள். படம் ஏறவே இல்லை. நான் போனைப் பார்த்துக் குனிந்திருந்தேன். பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எல்லோரும் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். பாட்டில் ஒரு குரல் குறைந்தால் யாருக்குத் தெரியும்.

அவனை வெளியே எடுத்த பிறகு, கூட்டம் கூடுவதற்கு முன், பதிவேட்டில் அந்தக் கோட்டை ரப்பரால் அழித்துவிட்டு 'வரவில்லை' என்று எழுதினேன். செருப்பை எடுத்துக் கேட்டுக்கு வெளியே போட்டேன். அதற்குப் பிறகு எல்லோரும் அவன் அம்மாவைத்தான் கேட்டார்கள்.

மகிழ் இருமுகிறாள். எட்டு மணிக்கு டாக்டரம்மா வருவார்.

ஜூன் 10, செவ்வாய். மதியம்

பிரதீபாவின் நோட்டில் எட்டாம் தேதிப் பக்கத்தில் இப்படி எழுதினேன்:

'11.40 முதல் 11.46 வரை நான் குழந்தையைப் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் தண்ணீரில் இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. அரை நிமிடம் என்று டாக்டரிடம் சொன்னது பொய். மரகதம்.'

எழுதி அவள் கையில் கொடுத்தேன். படித்தாள். மறுபடியும் படித்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரம்மா அறைக்கு ஓடினாள்.

வீட்டுக்குப் போவது நின்றுவிட்டது. மறுபடி நெஞ்சுப் படம் எடுத்தார்கள். இடது நுரையீரலில் தண்ணீர் போய்ச் சளி கட்ட ஆரம்பித்திருக்கிறதாம். காய்ச்சல் ஏறுகிறது. ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். "ஆறு நிமிஷம் வரைக்கும் இருக்கலாம்னு மொதல்லயே தெரிஞ்சிருந்தா நேத்தே இன்னொரு படம் எடுத்திருப்போம்," என்றார் டாக்டரம்மா, என் முகத்தைப் பார்த்தே. தகும்.

வராண்டாவில் பிரதீபா புருஷனிடம் கேட்டது எனக்கும் கேட்டது.

"ரெண்டாந்தடவ கதவக் கட்டினது பந்தல்காரங்கன்னு சொன்னீங்க. உண்மையச் சொல்லுங்க."

நந்தகுமார் தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "நாந்தான். கை கழுவப் போறவங்க ஒவ்வொருத்தரும் அந்தக் கொண்டியத் தொறக்கத் தெரியாம முழிச்சாங்க. பத்து நிமிஷந்தானேன்னு கட்டினேன்."

பிரதீபா அவரையும் திட்டவில்லை. எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் அவரும் வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். "தொட்டிதானுங்க்கா," என்றார் அவர்.

ஜூன் 11, புதன்

காய்ச்சல் நூற்று இரண்டு. உள்ளே விடவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

ஜூன் 13, வெள்ளி

காய்ச்சல் இறங்கியது. ஆக்ஸிஜன் எடுத்துவிட்டார்கள். தோசை கேட்டாளாம்.

இக்பால் வந்தான். எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன், கொலுசு முதற்கொண்டு. நான் சொன்னேனே என்று சொல்வான் என்று காத்திருந்தேன். "அஞ்சு ஊதுனீங்கல்ல, நெஞ்சு எழும்புச்சுல்ல?" என்று மட்டும் கேட்டான். பிறகு கான்டீனில் டீ வாங்கிக் கொடுத்தான்.

ஜூன் 14, சனி

மகிழை வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். காரில் ஏறும்போது "அக்கா" என்று என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். பிரதீபா அவளை என்னிடம் கொடுக்கவில்லை. மறுபக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நானே கூப்புடறனுங்க்கா," என்றாள். கூப்பிடலாம். கூப்பிடாமலும் இருக்கலாம். அவள் இடத்தில் நான் இருந்தால் கூப்பிட மாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்டேன். "அம்மிணி, அந்த எட்டாந்தேதிப் பக்கத்தக் கிழிச்சராதீங்க."

"கிழிக்க மாட்டேன்," என்றாள்.

ஜூன் 16, திங்கள்

எங்கள் ஊர். இரண்டு வருடத்துக்குப் பிறகு வந்திருக்கிறேன். வசந்தாமணி வீட்டு எதிரில் குழாயடிக் கல்லில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீடு பூட்டியிருக்கிறது. மூன்றரைக்கு மில் பஸ் வரும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள், வேண்டாம் என்றேன்.

காலையில் பஸ் ஸ்டாண்டிலிருந்தே திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். மகிழைத்தான் காப்பாற்றியாகிவிட்டதே, கணக்குச் சரியாகிவிட்டதே என்று மனது ஒரு நியாயம் சொன்னது. சரியாகவில்லை. அந்தக் குழந்தைக்கு நான் செய்தது அந்தக் குழந்தைக்கு. இந்த வீட்டில் இரண்டு வருடமாக ஒருத்தி செய்யாத தப்புக்குத் தலைகுனிந்து சோறு வடிக்கிறாள். அவள் புருஷன் அவள் கையால் தண்ணீர் வாங்குவதில்லை. அதை எழுதியது என் பேனா.

போலீசுக்குப் போவார்களா, அடிப்பார்களா தெரியவில்லை. எது வந்தாலும் வரட்டும். பயமாக இருக்கிறது. முழங்காலும் வலிக்கிறது. டைரியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு ஓடிவிடலாம் என்று ஒரு நினைப்பு. அது வேண்டாம். 'உன் பையன் உள்ளே வந்தான், செருப்பைக் கழற்றி வைத்தான், எனக்கு வணக்கம் சொன்னான். நீ சரியாகத்தான் விட்டுவிட்டுப் போனாய் கண்ணு.' இதையெல்லாம் என் வாயால், அவள் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பஸ் வந்து நிற்கிறது. மூன்றாவதாக இறங்குகிறாள். சோற்றுத் தூக்குப்போசியைக் கைமாற்றிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்புகிறாள்.

என்னைப் பார்த்துவிட்டாள். சிரிக்கிறாள்.